மோட்டார்சைக்கிள் எண்ணெயில் எதையும் கலக்கவேண்டாம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

உணவு விநியோகம் செய்யும் என் அண்ணன் மகன், உராய்வைக் குறைக்கும் என்று கடையில் சொன்னதை நம்பி, ஒரு சேர்மானப் புட்டியை வாங்கித் தன் மோட்டார்சைக்கிள் எண்ணெயில் ஊற்றினான். இரண்டே வாரத்தில் மேம்பாலம் ஏறும்போது இயந்திரம் உறுமியது, வண்டி நகரவில்லை, கிளட்ச் வழுக்கிவிட்டது. கப்பல் பழுதுபார்ப்புத் தளத்தில் 31 ஆண்டுகள் வேலை செய்தவன் என்ற முறையில், இதன் காரணத்தை வண்டியை நம்பிப் பிழைப்பவர்களுக்கு விளக்க விரும்புகிறேன்.

எவ்வளவு மெருகேற்றிய உலோகமும் நுண்ணோக்கியில் மேடும் பள்ளமுமாகவே தெரியும். இயந்திரம் சீராக ஓடும்போது எண்ணெய்ப் படலம் அந்த மேடுகளைப் பிரித்து வைக்கிறது. வண்டியைக் கிளப்பும் நொடியிலும், வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டு அழுத்தும் இடத்திலும் படலம் மெலிந்து உலோகம் உலோகத்தைத் தொடுகிறது. 1940களிலிருந்து புழக்கத்தில் உள்ள ஒரு துத்தநாகச் சேர்மம் அங்கேதான் கைகொடுக்கிறது. வெப்பத்தாலும் உரசலாலும் அது சிதைந்து, மில்லிமீட்டரில் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்கு தடிமனில், கண்ணாடி போன்ற பாஸ்பேட் பூச்சாகப் படிகிறது; இரும்புக்குப் பதிலாக அந்தப் பூச்சு தேய்ந்து, தேயத் தேய மீண்டும் உருவாகிறது.

ஆனால், தேய்மானத்தைத் தடுப்பது வேறு, உராய்வைக் குறைப்பது வேறு. மேற்சொன்ன பூச்சு சில நேரங்களில் உராய்வைச் சற்றுக் கூட்டவும் செய்யும். உராய்வைக் குறைப்பதற்கென்றே சேர்க்கப்படும் மாலிப்டினச் சேர்மங்கள், உரசும் இடத்தில் சீட்டுக்கட்டைப்போல் ஒன்றன்மீது ஒன்று நழுவும் மெல்லிய அடுக்குகளாகின்றன. காரில் இதனால் எரிபொருள் மிச்சமாகும். பெரும்பாலான மோட்டார்சைக்கிள்களிலோ இயந்திரம், கியர், கிளட்ச் மூன்றும் ஒரே எண்ணெயில் நனைகின்றன. கிளட்ச் பிடிப்பதே உராய்வால்தான்.

இதற்காகவே ஜப்பானியத் தரமான ஜாசோ, இப்படி எண்ணெயில் நனையும் ஈரக் கிளட்ச் வண்டிகளுக்கான எண்ணெயை எம்ஏ என்றும், உராய்வு குறைந்ததை எம்பி என்றும் பிரிக்கிறது. வண்டியின் கையேடு சொல்லும் எழுத்து புட்டியில் இருந்தால் போதும். தேவையான சேர்மானங்கள் அந்த எண்ணெயிலேயே அளவோடு கலந்திருக்கின்றன. துத்தநாகச் சேர்மத்திலுள்ள பாஸ்பரஸ் மிகுந்தால், புகையின் நச்சைக் குறைக்கப் புகைபோக்கியில் வைத்துள்ள வினையூக்கி மாற்றியும் கெடும்.

இத்தகைய சேர்மானங்கள் நம் சிங்கப்பூரின் ஜூரோங் தீவிலேயே தயாராகின்றன. அவற்றைப் பற்றிய எச்சரிக்கை தமிழில் எங்கும் என் கண்ணில் படவில்லை என்பது எனக்கு வருத்தமே. பெருந்தொகை கட்டி வாகன உரிமைச் சான்றிதழ் பெற்று ஓட்டும் வண்டி அது. புட்டியை விற்பதற்கு முன் எந்த வண்டிக்கு என்று ஒரு வார்த்தை கேளுங்கள் எனக் கடைக்காரர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயந்திரப் பழுதுபார்ப்பாளர்,
ஜூரோங் வெஸ்ட்