திரும்பத் திரும்பப் பாடினால் குறையா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில், ஸ்பார்க்ஸ் என்ற அமெரிக்க இசைக்குழுவை நடத்தும் ரான், ரஸ்ஸல் சகோதரர்களின் 'மேட்!' ஆல்பத்துக்கு வந்த விமர்சனத்தைப் படித்தேன். சினிமாப் பாட்டுக்கு வெளியே ஒரு ஆல்பத்துக்கு அரைப்பக்கம் கொடுத்தீர்களே, அதற்கே நன்றி. ஆனால் விமர்சகர் அந்த அரைப்பக்கத்தையும் இரண்டு வயசானவர்களின் கோமாளித்தனம் என்கிற தோரணையிலேயே எழுதித் தீர்த்துவிட்டார்.

அவருடைய பெரிய குறை, ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடுகிறார்கள் என்பது. ஆமாம், பாடுகிறார்கள். வேண்டுமென்றேதான். முதல் பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். என் இஷ்டப்படிதான் செய்வேன் என்கிறார் பாடகர் ரஸ்ஸல். முதல் தடவை கேட்கும்போது வீறாப்பு. நாலைந்து தடவை ஆனதும் வெறும் பிடிவாதம். அப்புறம், இந்த மனுஷன் யாரிடம் இவ்வளவு அழுத்திச் சொல்கிறார், தனக்கே சொல்லிக்கொள்கிறாரோ என்று தோன்றுகிறது.

நான் தோட்டத்தில் வளர்ந்தவன். சின்ன வயதில் விடியற்காலை அப்பாவோடு பெரட்டுக்கு (வேலைக்கு வந்தவர்களைப் பெயர் கூப்பிடும் இடம்) போய் நிற்பேன். தோட்டத்துக் கணக்கரான கிராணி தினமும் அதே பெயர்களை அதே வரிசையில்தான் கூப்பிடுவார். அப்பாவும் அதே ஒரு வார்த்தையில்தான் பதில் சொல்வார். ஆனால் அந்தக் குரலை வைத்தே எனக்குத் தெரிந்துவிடும், நேற்று சம்பளத்தில் பிடித்தம் விழுந்ததா, ராத்திரி அம்மாவோடு சண்டையா என்று. ஒரே சொல்லுக்குள் இவ்வளவு இருக்கும்போது, கைத்தொலைபேசியில் ஒருமுறை ஓடவிட்டு (அப்படித்தான் கேட்டிருப்பார் என்பது என் சந்தேகம்) சலிப்பு என்று எழுதுவது நியாயமா?

இவர்களை முதலில் உதைப்பதும் பிறகு தூக்கிவைப்பதும் புதிதல்ல. லாஸ் ஏஞ்சலஸ்காரர்கள், சொந்த ஊரில் எடுபடாமல் இங்கிலாந்து போய் 1974இல்தான் பெயர் வாங்கினார்கள். 1979இல் கிட்டாரை ஓரங்கட்டிவிட்டு இத்தாலிய இசைத் தயாரிப்பாளர் ஜோர்ஜியோ மொரோடரோடு சேர்ந்து சின்தசைசர் என்கிற மின்னணு இசைக்கருவிக்குப் போனபோது ராக் ரசிகர்கள் பலர் முகம் சுளித்தார்கள். இன்றைக்கு சின்தசைசரை வைத்தே அமையும் சின்த் பாப் இசைக்கு முன்னோடி என்று அப்போது போட்ட ஆல்பத்தைத்தான் காட்டுகிறார்கள். 2008இல் லண்டனில் 21 இரவு, 21 ஆல்பம், ஒன்று விடாமல் மேடையில் வாசித்தார்கள். 2025 மே மாதம் 'மேட்!' வந்தபோது ரானுக்கு 79 வயது, தம்பி ரஸ்ஸலுக்கு 76. பிரிட்டனில் அது இரண்டாம் இடம் பிடித்தது. அவர்களுடைய எந்த ஆல்பமும் அங்கே அவ்வளவு மேலே போனதில்லை. விமர்சனத்தில் இதைப் பற்றி மூச்சே இல்லை.

பின்பாதியில் கொஞ்சம் இழுக்கிறது என்று அவர் சொன்னது சரி. அதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு நெடுஞ்சாலையைப் புகழ்ந்து பாட என்ன இருக்கிறது என்று கேட்டாரே, அவரை ஒருநாள் காலை ஏழு மணிக்கு ஈப்போ போகும் சாலையில் என் பக்கத்து சீட்டில் உட்காரவைக்க ஆசை.

நான் தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறேன். விடியற்காலையில் பெண்பிள்ளைகளை ஏற்றிப்போகும்போது இந்த ஆல்பத்தைத்தான் போடுகிறேன். இளையவர்கள் இதைக் கேட்க மாட்டார்கள் என்று விமர்சகர் தீர்ப்பு எழுதியிருக்கிறார். முதல் வாரம் முணுமுணுப்பு இருந்தது உண்மைதான். போன செவ்வாய்க்கிழமை மறதியாக வானொலியை வைத்துவிட்டேன். பின்சீட்டிலிருந்து ஒரு குரல்: "அங்கிள், இன்னிக்கு அந்தப் பைத்தியக்காரப் பாட்டு இல்லையா?"

இப்படிக்கு,
ஒரு பஸ் ஓட்டுநர்,
சுங்கை சிப்புட், பேராக்.