வியாழக்கிழமைப் பின்னேரத்தை விட்டுவையுங்கள்: இங்கிலாந்தில் பிள்ளை வளர்க்கும் தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அம்மாமார், அப்பாமாருக்கு,

வணக்கம். நான் இங்கிலாந்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் இயர் 5 வகுப்புக்கு, அதாவது ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகளுக்கு, படிப்பிக்கிறேன். என் வகுப்பில் நம் பிள்ளைகள் நிறையப் பேர். எல்லாப் பெற்றோருக்கும் ஆங்கிலத்தில் போகும் கடிதத்தில் எழுத முடியாத ஒன்றை, நமக்குள் தமிழில் மனம்விட்டு எழுதலாம் என்று நினைத்தேன். விஷயம் வியாழக்கிழமைப் பின்னேரம்.

ஜனவரியில் தொடங்கும் தவணை முழுவதும் எங்களுக்குப் பண்டைய கிரேக்கம். காலையில் கதை வாசிப்போம், வரலாறு படிப்போம். வியாழன் பின்னேரம் களிமண், கரி, வண்ணம். அதே தவணையில்தான், தேர்வு வைத்துப் பிள்ளைகளைச் சேர்க்கும் கிராமர் பள்ளிகளுக்கான லெவன் பிளஸ் பரீட்சை ரியூசனும் சூடு பிடிக்கும். பரீட்சை, இயர் 6 தொடங்கிய கையோடு செப்டெம்பரில். ஆகவே வியாழன் மதியச் சாப்பாடு முடிந்ததும் பல் வைத்தியர், கண் வைத்தியர் என்று பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கிளம்புவார்கள். உண்மையில் எங்கே போகிறார்கள் என்று அவர்களே எனக்குச் சொல்லிவிடுகிறார்கள். பாவம், இன்னும் பொய் சரியாக வரவில்லை. கேட்டால், "ஆர்ட் தானே மிஸ், கணக்கெண்டால் விடமாட்டம்" என்கிறீர்கள்.

உங்கள் பயம் எனக்கு விளங்காமல் இல்லை. இலங்கையில் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையோடு வளர்ந்தவர்கள் நம்மில் பலர். பத்து வயதில் எழுதும் ஒரு பரீட்சை எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதைக் கண்ணால் கண்டிருக்கிறோம். இங்கும் கிராமர் பள்ளிகள் நாடு முழுவதற்கும் 163தான். ரியூசனை நிறுத்துங்கள் என்று நான் சொல்லவில்லை. அதற்கு வாரத்தில் வேறு ஆறு நாள் இருக்கிறது.

கிரேக்கம் என்பது ஏதோ ஒரு ஆசிரியையின் விருப்பப் பாடம் என்று சிலர் நினைக்கிறார்கள். 2014 செப்டெம்பரிலிருந்து நடைமுறையில் உள்ள தேசியப் பாடத்திட்டத்திலேயே, ஏழு முதல் பதினொரு வயதுவரையான பிள்ளைகளுக்குப் பண்டைய கிரேக்கமும் உரோமப் பேரரசும் இருக்கின்றன. ஆங்கிலப் பாடத்தில் புராணக் கதைகள், ஓவியப் பாடத்தில் கரி, வண்ணம், களிமண், எல்லாம் அதே ஆவணத்தில். சரி, அது சட்டம். சட்டத்துக்காக மட்டும் நான் இவ்வளவு நீளமாக எழுத மாட்டேன்.

அந்தப் பின்னேரத்தில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். வத்திக்கான் அருங்காட்சியகத்தில் ஒரு ஜாடி இருக்கிறது. கி.மு. 540 - 530 அளவில் எக்செக்கியாஸ் என்ற ஏதென்ஸ் குயவர் செய்து, தானே வரைந்து, தன் பெயரையும் எழுதிவைத்த ஜாடி. அதில் திரோய்ப் போரின் இரண்டு பெரிய வீரர்கள், அக்கிலீஸும் ஏயாஸும், எதிரெதிரே குந்தியிருந்து ஏதோ ஒரு பலகை விளையாட்டு விளையாடுகிறார்கள். கையில் ஈட்டி அப்படியே இருக்கிறது. ஒருவர் வாயருகே 'நான்கு', மற்றவர் வாயருகே 'மூன்று' என்று எழுத்து. அந்தப் போரைப் பாடிய கிரேக்கக் கவி ஹோமரின் காவியத்தில் இந்தக் காட்சி கிடையாது. வாளும் இரத்தமுமாக எத்தனையோ கட்டங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, இந்த மனிதர் போருக்கு நடுவில் கிடைத்த ஓய்வை எடுத்துக்கொண்டார். இருவருமே திரோயிலிருந்து உயிரோடு ஊர் திரும்பப்போவதில்லை என்பது அதைப் பார்த்த எல்லாக் கிரேக்கருக்கும் தெரியும். இதற்குப் பிறகு எத்தனையோ பேர் இதே காட்சியைத் திரும்பத் திரும்ப வரைந்தார்கள்.

இன்னொன்று நம் பக்கத்திலேயே, லண்டன் பிரித்தானிய அருங்காட்சியகத்தில். திரோயிலிருந்து ஊர் திரும்பும் வீரன் ஒடிசியஸைப் பாய்மரத்தில் கட்டி வைத்திருக்கிறார்கள், மாலுமிகள் துடுப்புப் போடுகிறார்கள், பாட்டால் மாலுமிகளை மயக்கி அழிக்கும், பெண் தலையும் பறவை உடலும் கொண்ட சைரன்கள் பாறை மேல். அவர்களில் ஒருத்தி கண்ணை மூடியபடி தலைகீழாகக் கடலை நோக்கி விழுகிறாள். கப்பல் தப்பிப் போனபின் சைரன்களுக்கு என்ன ஆயிற்று என்று ஹோமர் சொல்லவேயில்லை. வரைந்தவர் யோசித்திருக்கிறார். தன் பாட்டில் மயங்காமல் ஒருவன் கடந்துபோனால் பாடியவளுக்கு என்ன ஆகும்?

இந்த இரண்டு ஜாடிகளையும் காட்டிவிட்டு, தகப்பன் செய்த மெழுகு இறக்கையோடு அவருடன் பறந்து, சூரியனுக்குக் கிட்டப் போய் மெழுகு உருகிக் கடலில் விழுந்த இக்காரசின் கதையைச் சொல்லி, பழுப்புத் தாளில் வெட்டிய வெறும் ஜாடி உருவம் ஒன்றைப் பிள்ளைகள் கையில் கொடுப்பேன். ஒரேயொரு கட்டத்தைத்தான் வரையலாம், எதை என்பது உங்கள் முடிவு என்பேன். அப்போது ஒரு அமைதி வரும். பிறகு ஒரு கை உயரும். "எது சரியான விடை, மிஸ்?" அநேகமாக நம் பிள்ளைதான். நான்கு விடைகளில் ஒன்றுக்கு வட்டம் போட்டுப் பழகிய பிள்ளைக்கு, விடை எங்குமே எழுதப்படாத ஒரு கேள்வி முதன்முதலாக வந்து நிற்கிறது.

அரை மணி நேரம் தவிப்பார்கள். அப்புறம் வருவதைப் பாருங்கள். ஒரு பையன், தகப்பன் மகனின் தோளில் இறக்கையைக் கட்டும்போது போடும் முடிச்சை மட்டும் பெரிதாக வரைந்தான். அண்ணாந்து பார்க்கும் ஒரு ஆட்டிடையனையும் அவன் காலடியில் இரண்டு நிழல்களையும் வரைந்தாள் ஒரு பிள்ளை. பறப்பவர்கள் அவள் படத்தில் இல்லவே இல்லை. அந்த இடையன் அவளாகக் கண்டுபிடித்தவன் அல்லன். மீன்பிடிப்பவனும் இடையனும் உழவனும் அவர்களைப் பார்த்துத் தெய்வங்கள் என்று நினைத்தார்கள் என்று உரோமக் கவி ஓவிட் எழுதியிருக்கிறார். பாதிப் பேர் கவனிக்காமல் தாண்டும் அந்த வரியை இந்தப் பிள்ளை பிடித்துக்கொண்டது. வாசிப்புப் பரீட்சையில் 'உய்த்தறிதல்' என்று கேட்கிறார்களே, அது இதுதான்.

விஞ்ஞானம் வேண்டும் என்பவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். அந்த ஜாடிகளில் உள்ள கறுப்பு, நாம் நினைக்கும் வண்ணப் பூச்சு அல்ல. மண்ணை நீரில் கரைத்து மிக நுண்ணிய பகுதியை மட்டும் எடுத்து அதனால் வரைவார்கள். சூளையில் முதலில் காற்று விடுவார்கள், எல்லாம் சிவக்கும். பிறகு காற்றை அடைத்துப் பச்சை விறகு போடுவார்கள். ஒட்சிசன் இல்லாமல் மண்ணிலுள்ள இரும்பு ஒட்சைட்டு மாறி எல்லாம் கறுக்கும். கடைசியில் மறுபடி காற்று. ஜாடியின் உடல் சிவப்புக்குத் திரும்பும், நுண் மண் பூசிய இடம் மட்டும் இறுகிப்போய்க் கறுப்பாகவே நிற்கும். வெப்பமானி இல்லாத காலத்தில், 800 - 950 பாகை வெப்பத்தில், ஒரே சூளையில் இதைச் செய்தார்கள். "ஆர்ட் தானே" என்று சொன்ன அப்பா ஒருவர் இரசாயனம் படித்தவர். இதைச் சொன்னதும் அவரே என்னிடம் பத்துக் கேள்வி கேட்டார்.

உங்களில் சிலருக்கு வேறு கவலை. கிரேக்கத் தெய்வங்களின் அரசன் சியூஸின் நடத்தையெல்லாம் பிள்ளைக்குச் சொல்ல வேண்டுமா என்று. நியாயமான கேள்வி, பழைய கேள்வியும்கூட. மனிதருக்கு இழிவானது எதுவோ, களவு, பிறர் மனை சேர்தல், ஏமாற்றுதல், எல்லாவற்றையும் ஹோமரும் ஹெசியொட்டும் தெய்வங்கள் மேல் ஏற்றிவிட்டார்கள் என்று கி.மு. ஆறாம் நூற்றாண்டிலேயே கிரேக்கச் சிந்தனையாளர் சினோஃபானஸ் குறைப்பட்டார். இப்படிப்பட்ட கதைகள் சிறுவர் காதில் விழக்கூடாது என்பது பிளேட்டோவின் கட்சி. எனவே நீங்கள் தனியாக இல்லை. வயதுக்கு ஏற்றதைத்தான் வகுப்பில் சொல்கிறோம். வேற்று மதம் போதிக்கிறோம் என்று பயப்படவும் வேண்டாம். பன்னிரண்டு தெய்வங்களின் பெயரையும் பாடமாக்கும் பிள்ளை வீட்டுக்கு வந்து சியூஸுக்கு விளக்கேற்றப் போவதில்லை.

ஆனால் கதையை அளவுக்கு மீறிக் கழுவித் துடைத்தால் அதில் ஒன்றும் மிஞ்சாது. அரக்னியின் கதை அப்படித்தான் ஆகிவிட்டது. கர்வம் பிடித்த நெசவுக்காரி, தேவி தண்டித்துச் சிலந்தியாக்கினாள், ஆகவே பணிவாக இரு என்று முடிக்கிறார்கள். ஓவிட் எழுதியது வேறு. போட்டியில் தேவி மினெர்வா நெய்தது தெய்வங்களின் பெருமையை. அரக்னி நெய்தது, தெய்வங்கள் உருமாறி வந்து மனிதப் பெண்களை ஏமாற்றிய கதைகளை. அந்த வேலையில் தேவியாலேயே குறை கண்டுபிடிக்க முடியவில்லை. அதனால்தான் கோபம். துணியைக் கிழித்து, நெசவு நாடாவால் அவள் நெற்றியில் அடிக்கிறாள். இதை எழுதிய கவி, கி.பி. 8இல் அகஸ்டஸ் பேரரசரின் ஆணையால் கருங்கடல் கரைக்கு நாடு கடத்தப்பட்டார், கடைசிவரை உரோமுக்குத் திரும்ப விடவில்லை. ஒரு கவிதையும் ஒரு தவறும்தான் காரணம் என்று அவரே எழுதினார். என் வகுப்பில் இந்தக் கதையின் வன்முறையைக் குறைத்துத்தான் சொல்வேன். யாருடைய துணி நன்றாக இருந்தது என்பதை மட்டும் மறைக்க மாட்டேன். பிறகு இருவர் நெய்த துணிகளையும் வரையச் சொல்வேன். எந்தத் துணியில் பிள்ளைகள் அதிக நேரம் செலவழிக்கிறார்கள் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

குற்றம் உங்கள் பக்கம் மட்டும் என்று சொன்னால் அநியாயம். கடுதாசித் தட்டில் முன்பே அச்சடித்த, பாம்புக் கூந்தல் அரக்கி மெடுசாவின் முகம், அதில் ஒட்ட எல்லாருக்கும் ஒரே அளவு பச்சைக் கம்பிப் பாம்பு, முப்பது தட்டும் ஒன்றுபோல வரிசையாகச் சுவரில். இப்படிச் செய்யும் பள்ளிகள் ஏராளம். அதைப் பார்த்து நீங்கள் "இதில் என்ன படிப்பு" என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. பாத் நகரத்து உரோமக் கோயில் முகப்பில் இருந்த தலையைப் பார்த்தால் தெரியும், அதைச் செதுக்கிய சிற்பி இப்படி அச்சு வைத்து வேலை செய்யவில்லை. 1790இல் தோண்டும்போது கிடைத்தது. முடியோடு பின்னிய பாம்புகள், சிறகுகள், எல்லாம் மெடுசாபோல. ஆனால் முகத்தில் தடித்த மீசை! மெடுசா இனத்து அரக்கியான கோர்கன் என்றே பெரும்பாலும் சொல்கிறார்கள், கடல் தெய்வம் என்பாரும் உண்டு. உரோமிலிருந்து வந்த கதை பிரித்தானிய மண்ணில் மீசை வைத்துக்கொண்டது. என் வகுப்புப் பையன்களுக்கு அந்தப் படத்தைக் காட்டினால் போதும், அந்த வாரம் மெடுசாவுக்கு என்னென்ன முளைக்கும் என்று சொல்ல முடியாது.

அரக்கர்களை அனுதாபத்தோடு பார்க்கவும் ஒரு படம் வைத்திருக்கிறேன். ஓவியர் ஜீ. எஃப். வாட்ஸ் 1885இல் வரைந்த, பாதி மனிதன் பாதி மாடான மினோட்டோர், டேட் கலைக்கூடத்தின் சேகரிப்பில் உள்ளது. மாட்டுத் தலையோடு சுவரில் சாய்ந்து, கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. கைக்கடியில் நசுங்கிய ஒரு சிறு பறவை. சிறுமிகளைப் பாலியல் தொழிலுக்கு விற்கும் கொடுமை பற்றி அந்த ஆண்டு வெளிவந்த பத்திரிகைக் கட்டுரைகளைப் படித்த கோபத்தில் வரைந்தார் என்பதை நான் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை, உங்களுக்குச் சொல்கிறேன். பிள்ளைகள் அந்தப் பறவையைக் கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் எடுக்கும். கண்டதும் கொடுமையானதா, தனிமையானதா என்று சண்டை தொடங்கும்.

நம் பிள்ளைகள் இந்தப் பாடத்தில் பின்தங்கியவர்கள் அல்லர் என்பதையும் நீங்கள் அறிய வேண்டும். கிரேக்கச் சிலைகள் எல்லாம் தூய வெள்ளை என்றுதான் வகுப்பில் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். அவை செய்த காலத்தில் வண்ணம் தீட்டியவை. ஏதென்ஸின் பார்த்தெனன் கோயில் சிற்பங்களிலேயே எகிப்திய நீலம் என்ற பழைய வண்ணத்தின் தடயம் இருப்பதை பிரித்தானிய அருங்காட்சியகம் 2009இல் அறிவித்தது. இதைச் சொன்னதும் மற்றப் பிள்ளைகள் முகத்தைச் சுளித்தார்கள், அசிங்கமாக இருக்கும் என்று. நம் பிள்ளை ஒருத்தி மட்டும், "எங்கட கோயில் கோபுரம் மாதிரி" என்றாள். அவ்வளவு இலகுவாக. அன்று வெள்ளைக் களிமண் உருவங்களுக்கு நீலமும் சிவப்பும் அடிப்பதில் அவள்தான் எல்லாருக்கும் வழிகாட்டி.

இனி என் கோரிக்கைகள். வியாழன் பின்னேரம் பிள்ளை வகுப்பில் இருக்கட்டும். விடுமுறை வேலையாகத் திரோய்க் குதிரை செய்யச் சொன்னால், அதைப் பிள்ளையே செய்யட்டும். கடந்த முறை வந்த குதிரைகளில் சக்கரம் சுழல்வது, வயிற்றுக் கதவு தானாகத் திறப்பது, உள்ளே விளக்கு எரிவது என்று சில இருந்தன. அப்பாமாரின் திறமையை மெச்சுகிறேன், ஆனால் அவர்களுக்கு நான் புள்ளி போட முடியாது. மூன்று காலில் சாயும் குதிரை என்றால் அப்படியே கொண்டுவரட்டும். ஏன் சாய்கிறது என்று வகுப்பில் பார்த்துக்கொள்ளலாம்.

பிரித்தானிய அருங்காட்சியகத்துக்கும் தேசிய ஓவியக் கூடத்துக்கும் நுழைவுக் கட்டணம் இல்லை. தேசிய ஓவியக் கூடத்தில் டிஷியன் 1520 - 23இல் வரைந்த 'பாக்கஸும் அரியாட்னியும்' என்ற ஓவியம் இருக்கிறது. அரியாட்னியைக் காதலன் விட்டுவிட்டுப் போன கப்பல் தூரத்தில் எங்கே என்று பிள்ளையிடம் தேடச் சொல்லுங்கள். கென்ட் பக்கம் இருப்பவர்கள் லல்லிங்ஸ்டோன் உரோம மாளிகைக்குப் போகலாம், காளை வடிவில் வந்த ஜுப்பிட்டர் யூரோப்பா என்ற பெண்ணைத் தூக்கிச் செல்லும், வண்ணச் சில்லுகள் பதித்த மொசைக் தரை அங்கே உள்ளது. அதற்குக் கட்டணம் உண்டு. எங்கே போனாலும் ஒரு சிறு வரைபுத்தகமும் பென்சிலும் பிள்ளையிடம் இருக்கட்டும். போனில் படம் எடுத்துவிட்டு அடுத்த அறைக்கு ஓட வேண்டாம். ஒரு ஜாடியின் முன்னால் கால் மணி நேரம் நின்றாலே அன்றைக்குப் போதும்.

ஈஸ்டர் விடுமுறை முடிந்ததும் உரோமர்களைத் தொடங்குகிறோம். 2020இல் ரட்லண்டில் ஒரு வயலுக்கடியில் கிடைத்த அக்கிலீஸ் - ஹெக்டர் மொசைக்கைப் பார்த்துவிட்டு, வகுப்பே சேர்ந்து ஒன்று செய்யப்போகிறது. பழைய சஞ்சிகைகள், தேவையில்லாத கலியாண அட்டைகள், கெட்டியான வண்ணக் கடுதாசி எதுவாக இருந்தாலும் பிள்ளையின் பையில் போட்டு அனுப்பிவிடுங்கள். கலியாண அட்டையில் பெயர், முகவரி உள்ள பக்கத்தைக் கிழித்துவிட்டு அனுப்பினால் நல்லது.

அன்புடன்,
ஓர் இயர் 5 ஆசிரியை