சளியில் கிருமி இல்லை என்றான பிறகு: பொது சுகாதாரத் துறைக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்:
தமிழ்நாடு பொது சுகாதாரம் மற்றும் நோய்த்தடுப்பு மருந்துத் துறை இயக்குநர் அவர்கள்,
கடலூர் மாவட்டச் சுகாதார அலுவலர் அவர்கள்.

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

இம்மாவட்டத்தில் சுகாதார ஆய்வாளராகப் பல ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். ஆரம்ப சுகாதார நிலையங்களில் நுரையீரல் புற்றுநோயை முன்கூட்டியே கண்டறிவது பற்றித் தங்கள் பார்வைக்கு இம்மடலை வைக்கிறேன். நான் வேண்டுவது பெரிய செலவு பிடிக்கும் காரியமில்லை. புறநோயாளிச் சீட்டிலும் கள ஊழியரின் படிவத்திலும் ஒருவரின் புகைப்பழக்கம் எண்ணிக்கையாக எழுதப்பட வேண்டும். சளியில் காசநோய்க் கிருமி இல்லை என்று முடிவு வந்த பிறகும் இருமல் நிற்காதவர்கள் யார் யார் என்று அந்த நிலையத்தில் ஒருவராவது கணக்கு வைத்திருக்க வேண்டும்.

இப்படிக் கேட்கத் தூண்டியது என் மனைவியின் அண்ணனுடைய மருத்துவச் சீட்டுகள். பண்ருட்டிப் பலா மண்டியில் சுமை தூக்கிப் பிழைத்தவர் அவர். மீசை முளைத்த வயதில் தொடங்கி நாளொன்றுக்கு ஒன்றரைக் கட்டு பீடி குடித்தார். காரியம் முடிந்த மறுநாள், அவர் மஞ்சள் பையில் திணித்து வைத்திருந்த சீட்டுகளைத் தேதி வாரியாக அடுக்கிப் பார்த்தேன். ஐந்து மாதங்களில் ஒன்பது சீட்டுகள். முதல் சீட்டில் ‘இருமல், 3 வாரம்’ என்றும், இரண்டாவதில் சளிப் பரிசோதனை நெகட்டிவ் என்றும் இருந்தன. அதன் பிறகு வரிசையாக இருமல் மருந்து, ஆன்டிபயாட்டிக், உறிஞ்சும் மருந்து, மறுபடியும் சளிப் பரிசோதனை, மறுபடியும் நெகட்டிவ். அவர் சட்டைப் பையில் பீடிக்கட்டு புடைத்துக்கொண்டிருப்பது பத்தடி தள்ளி நிற்பவருக்கும் தெரியும். ஆனால் ஒன்பது சீட்டில் ஒன்றிலும் பீடி என்ற சொல் இல்லை. புதுச்சேரியில் அது நுரையீரல் புற்றுநோய் என்று தெரிந்தபோது நோய் நான்காம் நிலையை, அதாவது கடைசி நிலையை, எட்டியிருந்தது.

அந்தச் சீட்டுகளில் அரசு நிலையத்தினுடையவையும் உண்டு, தனியார் கிளினிக்கினுடையவையும் உண்டு. எவரையும் குற்றம் சாட்ட இதை நான் எழுதவில்லை, ஏனெனில் அந்தக் குற்றத்தில் எனக்கும் பங்கு இருக்கிறது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமுபவர்களைத் தேடிச் சளிக் கோப்பை கொடுத்து, முடிவு நெகட்டிவ் என்று வந்ததும் பதிவேட்டில் அந்த வரியை முடித்துவிட்டு அடுத்த பெயருக்குப் போனவர்களில் நானும் ஒருவன். காசநோய் இல்லையென்றால் வேறென்ன என்று கேட்கும் கட்டம் அந்தப் பதிவேட்டில் இருந்ததில்லை. இருந்திருந்தால் நானும் கேட்டிருப்பேன்.

தொற்றா நோய்களுக்கான தேசியத் திட்டத்தில் 30 வயதைக் கடந்தவர்களிடம் நிரப்பும் மதிப்பீட்டுப் படிவத்தைத் தாங்கள் அறிவீர்கள். அதில் புகைப்பதும் புகையிலை மெல்லுவதும் ஒரே கேள்வியில் அடங்கிவிடுகின்றன. ஒருபோதும் இல்லை, முன்பு இருந்தது அல்லது எப்போதாவது, தினமும் என்று மூன்றே விடைகள். தினமும் என்றால் 2 மதிப்பெண். காலையில் ஒரே ஒரு பீடி குடிப்பவரும், நாற்பது வருடமாக நாளுக்கு ஒன்றரைக் கட்டு குடிப்பவரும், ஹான்ஸ் மட்டும் மெல்லுபவரும் அந்த 2 மதிப்பெண்ணில் ஒன்றாகிவிடுகிறார்கள். வாய்ப் புற்றுநோய், மார்பகப் புற்றுநோய், கருப்பைவாய்ப் புற்றுநோய் ஆகியவற்றுக்கு அத்திட்டத்திலேயே பரிசோதனை இருப்பதால் இந்தக் குறை அங்கே பெரிதாகத் தெரிவதில்லை. நுரையீரலுக்குப் பரிசோதனை இல்லை. ஆகவே ஆபத்து யாருக்கு அதிகம் என்று பிரித்தறிய, ஒருவர் எவ்வளவு புகைத்தார் என்ற எண்ணைத் தவிர வேறு வழியும் இல்லை.

வெளிநாடுகளில் நுரையீரல் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு ஆட்களைத் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் அந்த எண்ணை வைத்துத்தான். நாளுக்கு 20 சிகரெட் வீதம் ஓராண்டு புகைத்தால் அது ஒரு பாக்கெட் ஆண்டு. அமெரிக்கத் தடுப்பு மருத்துவக் குழு 2021இல் திருத்திய பரிந்துரையின்படி, 50 முதல் 80 வயது வரை உள்ளவர்களில் 20 பாக்கெட் ஆண்டுகளுக்குக் குறையாமல் புகைத்து, இன்னும் புகைப்பவர்களுக்கும், விட்டு 15 ஆண்டுகள் ஆகாதவர்களுக்கும் ஆண்டுதோறும் குறைந்த கதிர்வீச்சு சி.டி. ஸ்கேன் எடுக்கலாம். நம் ஊர்க் கணக்கு பாக்கெட்டில் இல்லை, கட்டில் இருக்கிறது. பீடியில் புகையிலை குறைவு என்பதால் தீங்கும் குறைவு என்று பலர் நினைக்கிறார்கள்; அணையாமலிருக்க அதை அடிக்கடி இழுக்க வேண்டியிருப்பதால் உள்ளே போகும் தாரும் நிகோட்டினும் சிகரெட்டுக்குச் சளைத்தவை அல்ல. ஆகவே ஒரு நாளைக்கு எத்தனை கட்டு, எத்தனை வருடமாக, விட்டிருந்தால் எப்போது விட்டார் என்ற மூன்றையும் பேச்சு வழக்கிலேயே கேட்டு எழுதினால் போதும். பாக்கெட் ஆண்டாக மாற்றுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மூன்றாவது கேள்வியில் மட்டும் சற்று நிதானம் வேண்டும். ‘விட்டுட்டேங்க’ என்று சொல்பவர் பல வேளைகளில் இருமல் தாங்காமல் போன வாரம்தான் விட்டிருப்பார்.

சி.டி. ஸ்கேனால் உயிர் பிழைக்கிறது என்பதில் ஐயமில்லை. 2011இல் வெளியான அமெரிக்க ஆய்வு, புகைப்பழக்கம் மிகுந்த 53,454 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு மூன்று முறை குறைந்த கதிர்வீச்சு சி.டி.யும் மறு பிரிவுக்கு நெஞ்சு எக்ஸ்ரேயும் எடுத்தது; சி.டி. பிரிவில் நுரையீரல் புற்றுநோய் மரணங்கள் 20 விழுக்காடு குறைந்தன. நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் நடந்த ஆய்வின் முடிவு 2020இல் வந்தபோது, பத்தாண்டுகளில் ஆண்களிடையே அந்தக் குறைவு 24 விழுக்காடாக இருந்தது. அதே சமயம், அமெரிக்க ஆய்வில் ஏதோ இருக்கிறது என்று சி.டி. காட்டியவற்றில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு புற்றுநோய் அல்ல என்பதையும் மறந்துவிடக் கூடாது. காசநோய் வந்து ஆறிய தழும்பும் சிறு முடிச்சும் நம் மக்களின் நுரையீரலில் சாதாரணம். இங்கே வீண் அச்சமும் தேவையற்ற ஊசித் திசுப் பரிசோதனையும் இன்னும் கூடும் என்றே எதிர்பார்க்க வேண்டும். அதனால்தான் ஊர் ஊராக சி.டி. வண்டி அனுப்புங்கள் என்று நான் கேட்கவில்லை. இரண்டு மூன்று வட்டாரங்களில் முதலில் பட்டியல் தயாராகட்டும். அதில் மிகுந்த ஆபத்து உள்ளவர்களுக்கு, நன்மையையும் சங்கடத்தையும் எடுத்துச் சொல்லி, அவர்கள் சம்மதித்தால் மட்டும் ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாம்.

எக்ஸ்ரே முகாம்களைப் பற்றி ஒரு வார்த்தை. நோய் அறிகுறி இல்லாதவருக்கு நெஞ்சு எக்ஸ்ரே எடுத்துப் புற்றுநோய் இல்லை என்று அனுப்பும் வழக்கம், முழு உடல் பரிசோதனை என்ற பெயரில் நம் ஊர்களிலும் பரவி வருகிறது. ஏறத்தாழ 1,55,000 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்த அமெரிக்க ஆய்வொன்றில், ஆண்டுதோறும் எக்ஸ்ரே எடுத்தும் நுரையீரல் புற்றுநோய் மரணம் குறையவில்லை. இருமுபவருக்கு எக்ஸ்ரே அவசியமான முதல் படி. புகைப்பவருக்கு அது நற்சான்றிதழ் ஆகாது. காசநோய்க்காகக் கிராமங்களில் எடுக்கும் எக்ஸ்ரேயில் கிருமிக்குரிய அடையாளம் இல்லாமல் வேறு கட்டியோ நிழலோ தெரிந்தால், அந்தப் படம் அங்கேயே முடங்கிவிடாமல் மேல் மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை விட்டாலே பாதி வேலை முடியும்.

பெண்களை விட்டுவிடக் கூடாது. பீடியைத் தொடாமலே இந்நோய் வருபவர்களில் பெண்கள் பலர். விறகடுப்பிலும், இப்பகுதிக்கே உரிய முந்திரிக்கொட்டை வறுக்கும் புகையிலும் ஆயுளைக் கழித்தவர்களுக்கு, புகைப்பழக்கத்தை வைத்து வகுத்த சி.டி. பரிசோதனை விதிகள் இடம் தருவதில்லை. அவர்களுக்கு உள்ள ஒரே வாய்ப்பு, நான்கு வாரம் கடந்த இருமலையும், சளியில் ரத்தத்தையும், காரணமில்லாத மெலிவையும் ஒருவர் அக்கறையோடு எழுதிக்கொள்வதுதான். மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியது முதல், பெண் தன்னார்வலர்கள் ரத்தக் கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை கொடுக்க வீட்டுக்கு வருகிறார்கள்; அடுப்பு எது என்று அவர்களுக்குக் கேட்காமலே தெரியும்.

இறுதியாக, அனுப்பும் வழி. காட்டுமன்னார்கோவிலிலோ திட்டக்குடியிலோ இருந்து ஒருவரை ‘ஜிப்மருக்குப் போங்க’ என்று வாயால் சொல்லி அனுப்புவது பரிந்துரை ஆகாது. விடியலில் பஸ் ஏறி, ஜிப்மர் மருத்துவமனை இருக்கும் புதுச்சேரி கோரிமேட்டில் சீட்டு வாங்கி நின்று, வேறு ஒரு நாள் வரச் சொன்னால் அந்தக் கூலிக்காரர் திரும்பப் போகமாட்டார். எந்த நாளில், எந்தப் பிரிவில், யாரிடம் என்று எழுதிய சீட்டும், அவர் போனாரா என்று பதினைந்து நாளில் விசாரிக்கும் ஒரு செவிலியரும் வேண்டும். மாநில எல்லையைத் தாண்டும் இந்த ஏற்பாட்டைக் கள ஊழியர்கள் தாங்களாகச் செய்துகொள்ள முடியாது. தங்கள் மட்டத்தில்தான் பேசி முடிக்க வேண்டும்.

என் மைத்துனரின் ஒன்பது சீட்டுகளும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. மருத்துவ அலுவலர்களுக்கும் செவிலியர்களுக்கும் நடத்தும் பயிற்சியில் காட்ட உதவும் என்று தாங்கள் கருதினால், பெயரையும் இடத்தையும் மறைத்து நகல் தரத் தயாராக இருக்கிறேன். அவர் பிள்ளைகளிடம் சம்மதம் கேட்டுவிட்டேன்.

இங்ஙனம்,
ஓய்வு பெற்ற சுகாதார ஆய்வாளர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.