தடியைப் பார்த்தா வீட்டுக்குள் இருந்தோம்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழில், அடுத்த பெருந்தொற்றுக்கு நாம் தயாரா என்று ஒரு கட்டுரை வெளியிட்டிருந்தீர்கள். படுக்கை வசதி, ஆக்சிஜன், தடுப்பூசி என்று நல்ல விஷயங்களும் அதில் இருந்தன, மறுக்கவில்லை. ஆனால் நடுவில் ஒரு வரி வருகிறது. "தடியைப் பார்த்தால்தான் நம் ஜனங்கள் வீட்டுக்குள் போவார்கள் என்பதை 2020 நிரூபித்தது." கட்டுரையாளர் அந்த வருடம் எந்த ஊரில் இருந்தாரோ தெரியவில்லை. நான் கடலூரில் இருந்தேன். திருப்பாதிரிப்புலியூரில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். ஊரடங்கு முழுக்கக் கடை திறந்திருந்தது. ஆகவே ஜனங்கள் என்ன செய்தார்கள் என்று பார்க்கும் வாய்ப்பு அவரைவிட எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே கிடைத்தது.

மார்ச் 24 இரவு எட்டு மணிக்குப் பிரதமர் டி.வி.யில் பேசினார், நாலு மணி நேரத்தில் நாடு மூடியது. மறுநாள் காலை கடை வாசலில் சுண்ணாம்பால் வட்டம் போட்டோம். வந்தவர்கள் வட்டத்தைப் பார்த்து நின்றார்கள், யாரும் யாரையும் அதட்டவில்லை. வெயில் ஏறியதும் வட்டத்துக்குள் செருப்பையோ பையையோ போட்டுவிட்டு எதிர்ச்சாரி நிழலில் போய் உட்கார்ந்தார்கள். முறை வந்ததும் எழுந்து வந்தார்கள். அடுத்தவர் செருப்பைத் தள்ளிவிட்டு முந்தியவர் யாரும் என் நினைவில் இல்லை. உங்கள் கட்டுரையோடு வந்த படமும் அப்படி ஒரு ரேஷன் கடை வரிசைதான். தரையில் வட்டம் தெரிகிறது, பாருங்கள். அதன் கீழே "விதிகளைக் காற்றில் பறக்கவிட்ட கூட்டம்" என்று அச்சடித்திருக்கிறீர்கள். அரசு தந்த 1,000 ரூபாயை வாங்க, அரசு தந்த டோக்கனோடு, அரசு சொன்ன நேரத்துக்கு வந்து நின்றவர்கள் ஐயா அவர்கள். வேறு எப்படி வாங்கியிருக்க வேண்டும் என்று கட்டுரையாளர் சொன்னால் தெரிந்துகொள்கிறோம்.

கூலி நின்றுபோனவர்கள் பிரஷர் மாத்திரையை அட்டையாக வாங்க முடியாமல் அஞ்சு மாத்திரையைக் கத்தரித்துக் கேட்டார்கள். கடன் சொல்லக் கூச்சப்பட்டுத் திரும்பிப் போனவர்களும் உண்டு. அரைப் பட்டினியோடு வீட்டுக்குள் இருந்த இவர்களும் தடிக்குப் பயந்துதான் இருந்தார்களாம்.

அரசு சொன்னதைக் கேட்காதவர்கள் யார் என்றால் எனக்கு வேறு ஆட்கள் நினைவுக்கு வருகிறார்கள். மார்ச் 21 அன்று மத்திய அரசு முகக்கவசத்துக்கு விலை நிர்ணயித்தது. இரண்டு அடுக்கு என்றால் 8 ரூபாய், மூன்று அடுக்கு என்றால் 10, சானிடைசர் 200 மில்லி 100 ரூபாய். கேட்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் எனக்கு மொத்த வியாபாரி சொன்ன விலையே அதைத் தாண்டியிருந்தது, பில்லும் தரமாட்டாராம். வாங்கி விற்றால் நான் குற்றவாளி. வாங்காமல் விட்டால் "மருந்துக்கடைகளில் மாஸ்க் பதுக்கல்" என்று உங்கள் பத்திரிகையில் செய்தி. சோதனைக்கு வந்த அதிகாரி என் பில் புத்தகத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார், சரக்கு எங்கிருந்து வருகிறது என்று கேட்கவில்லை. நானாகச் சொன்னேன். எழுதிக்கொள்ளவில்லை.

ஏப்ரல் 5 முதல் மளிகை, காய்கறிக் கடைகளை மதியம் ஒரு மணிக்கு மூட வேண்டும் என்றார்கள். நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக வரும் ஆட்களைக் காலை ஆறுக்கும் மதியம் ஒன்றுக்கும் நடுவில் நெருக்கியடித்து வரச் செய்துவிட்டு, அப்புறம் கூட்டம் கூடுகிறார்கள் என்று சலித்துக்கொண்டார்கள். அதே சலிப்பைத்தான் நீங்களும் எழுதினீர்கள்.

மே மாதம் சென்னை கோயம்பேடு காய்கறிச் சந்தையிலிருந்து தொற்று பரவியது. மே 4 அன்று கடலூர் மாவட்டத்தில் மட்டும் ஒரே நாளில் 122 பேருக்குத் தொற்று என்று வந்தது உங்களுக்கு நினைவிருக்கும், முதல் பக்கத்தில் போட்டீர்கள். மூட்டை தூக்கப் போன நம் கிராமத்து ஆட்கள் லாரியில் ஏறி ஊர் திரும்பியதுதான் குற்றம் என்பதுபோல் பேச்சு ஓடியது. அவ்வளவு பெரிய சந்தையை அதுவரை அப்படியே நடக்க விட்டது யார்? வந்தவர்களைப் பள்ளிக்கூடத்திலும் கல்யாண மண்டபத்திலும் கொண்டுபோய் வைத்தார்கள். போய் இருந்தார்கள். சொந்த ஊரிலேயே நோயைக் கொண்டுவந்தவன் என்ற பெயரோடு இருந்தார்கள்.

அடுத்த மூன்றாவது நாள், மே 7, டாஸ்மாக் திறந்தது. சவுக்குக் கட்டை கட்டி, பந்தல் போட்டு, போலீஸ் காவலோடு வரிசை. மறுநாளே உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது, உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை போட்டது, 16ஆம் தேதி மறுபடியும் திறந்துவிட்டார்கள். புதுச்சேரியில் மே 25. அங்கே விலை குறைவென்று நம் ஆட்கள் எல்லை தாண்டி வந்துவிடக் கூடாதே என்று தனி வரி போட்டுத் தமிழ்நாட்டு விலைக்கு ஏற்றிவிட்டுத் திறந்தார்கள். என்ன ஒரு முன்யோசனை! குடிக்க வருகிறவனுக்காக இவ்வளவு யோசித்தவர்கள் நோயாளிக்காக எதையாவது யோசித்தார்களா?

கடலூரிலிருந்து புதுச்சேரியைச் சேர்ந்த பாகூர் எவ்வளவு தூரம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. புதுச்சேரி மாநிலத்தின் படமே துண்டு துண்டாகத்தான் இருக்கும் என்பதும் தெரியும். வீடு இந்தப் பக்கம், நிலம் அந்தப் பக்கம். பெண் கொடுத்தது அந்தப் பக்கம், ஜிப்மர் ஆஸ்பத்திரியும் அந்தப் பக்கம். அங்கே மாசாமாசம் மாத்திரை வாங்குகிற நோயாளிகள் எல்லையைத் தாண்ட முடியாமல் பழைய சீட்டோடு என் கடைக்கு வந்தார்கள். காசு கொடுத்து வாங்கக்கூடியவர்களா என்றால் இல்லை.

என் அக்காவைக் கொடுத்தது பாகூரில். அவள் வீட்டுக்காரர் அந்த ஜூலையில் காலமானார். கொரோனா இல்லை, மாரடைப்பு. சாவுக்கு இருபது பேருக்கு மேல் கூடக் கூடாது என்பது விதி. சரி, கூடப்பிறந்தவள் அந்த இருபதில் ஒருத்தியாக இருக்கலாம்தானே? எல்லையில், முள்ளோடை செக்போஸ்டில் நிறுத்திவிட்டார்கள். இரண்டு பக்கமும் அனுமதி வேண்டும் என்றார்கள். இந்தப் பக்கத்து விண்ணப்பம் பரிசீலனையில் இருப்பதாகவே போனில் காட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கத்துக்கு யாரைக் கேட்பது என்று அங்கே நின்ற யாருக்கும் தெரியவில்லை. காவலர் மரியாதையாகத்தான் பேசினார், "எனக்கு ஆர்டர் இல்லம்மா" என்றார். நாங்கள் நிற்கும்போதே கட்சிக்கொடி கட்டிய கார் ஒன்றுக்குத் தடுப்பு விலகியது. என்னோடு இன்னும் பலர் நின்றார்கள், ஒருவரும் தடுப்பைத் தள்ளவில்லை. அழுதுவிட்டுத் திரும்பி வந்தோம். ஆகஸ்ட் 17 முதல் ஆதாரும் போன் நம்பரும் கொடுத்தால் கேட்ட எல்லோருக்கும் இ-பாஸ் என்றார்கள். செப்டம்பர் 1 முதல் மாநிலத்துக்குள் போக இ-பாஸே தேவையில்லை என்றார்கள். கேட்ட எல்லோருக்கும் கொடுக்கக்கூடியதாக இருந்திருக்கிறது, பாருங்கள்.

கட்டுப்பாடு என்றாலே முறுக்கிக்கொள்கிறவர்கள் நாங்கள் என்று நினைப்பவர் ஏப்ரல் 15 வாக்கில் தேவனாம்பட்டினம் பக்கம் வந்து பார்க்கட்டும். வருடா வருடம் 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. மீன் குஞ்சு பொரிக்கும் காலம் என்று காரணம் தெரியும், என்று தொடங்கி என்று முடியும் என்று தெரியும், பெரிய படகுக்காரருக்கும் அதுதான் சட்டம், நிவாரணமாகக் கொஞ்சம் பணமும் வரும். அந்த நிவாரணம் போதாது என்று போராடுவார்கள், தடைக்காலமே வேண்டாம் என்று யாரும் சொன்னதில்லை. 2020இல் மார்ச் கடைசியிலேயே கடலுக்குப் போகாமல் நின்றார்கள். அதற்காக அந்த வருடம் தடையை மே 31உடன் முடித்து 47 நாளாக்கினார்கள். விட்டுக்கொடுத்தவர்களுக்கு அரசும் கொஞ்சம் விட்டுக்கொடுத்தது, அவ்வளவுதான் விஷயம். கொரோனாவில் எங்களிடம் தேதி சொன்னார்களா? ஏப்ரல் 14, மே 3, மே 17, மே 31 என்று தள்ளிக்கொண்டே போனார்கள்.

முகக்கவசம் என்றதும் இன்னொன்று. குடிகாடு பக்கத்து ஜனங்கள் சிப்காட் தொழிற்பேட்டை நாற்றத்துக்கு எத்தனையோ வருடமாக மூக்கைப் பொத்திக்கொண்டிருக்கிறார்கள். மாஸ்க் போடாதவருக்கு 200 ரூபாய் அபராதம் போட ஒரே இரவில் ஆள் கிடைத்தது. ராத்திரியில் வரும் அந்தப் புகைக்கு யார் வந்து ரசீது கிழித்தார்கள்?

மூக்குக்குக் கீழே மாஸ்க் மாட்டியவர்கள் இல்லையா, கதவைச் சாத்திக்கொண்டு ஐந்நூறு பேருக்குக் கல்யாண விருந்து போட்டவர்கள் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தார்கள். அந்த விருந்துக்குப் போனவர்கள் யார் என்று எங்களைவிடப் பத்திரிகைக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். தடி அவர்கள் மேல் விழவில்லை. சாத்தான்குளத்தில் செல்போன் கடை வைத்திருந்த அப்பா மேலும் மகன் மேலும் விழுந்தது. நேரம் தாண்டிக் கடை திறந்திருந்தது என்பதுதானே அவர்கள் மேல் சொன்ன குற்றம்? 2020 ஜூனில் இருவரும் அடுத்தடுத்து இறந்துபோனார்கள். அந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்து, கடை ஷட்டரை இறக்க நேரமானால் எங்கள் வீட்டுக்காரர் பதறிப்போய் வந்து நிற்பார். மருந்துக்கடைக்கு நேரக் கட்டுப்பாடு இல்லை என்று அவருக்கும் தெரியும். பிளேக் காலத்தில் புனேயில் ராண்ட் துரை பட்டாளத்தை வீட்டுக்குள் அனுப்பிச் சோதனை போட்டதும், 1897இல் அவரைச் சுட்டதும் நீங்கள் படித்ததுதான். அந்த வருடத்துத் தொற்றுநோய்ச் சட்டத்தைத்தான் எங்கள் மேலும் பாய்ச்சினார்கள்.

அப்படிப் போட்ட வழக்குகளில் சுமார் 10 லட்சத்தை 2021 பிப்ரவரியில் வாபஸ் என்று அறிவித்தார்கள். ஏப்ரல் 6 தேர்தல். பிரசாரக் கூட்டங்களில் யார் வட்டம் போட்டார்கள் என்று தெரியவில்லை. இரண்டாம் அலைக்குத் தேர்தல் ஆணையம்தான் பொறுப்பு என்று ஏப்ரல் 26 அன்று சென்னை உயர் நீதிமன்றமே காட்டமாகச் சொன்னது. மே 10இல் மறுபடியும் எங்களை உள்ளே போகச் சொன்னார்கள், போனோம்.

கட்டுரையாளரை வருத்தம் தெரிவிக்கச் சொல்லிக் கேட்க மாட்டேன், அது அவர் மனசு. உங்களால் ஆகக்கூடிய ஒன்றைக் கேட்கிறேன். உங்கள் கடலூர் பதிப்பில் புதுச்சேரி உத்தரவு வருவதில்லை, புதுச்சேரி பதிப்பில் கடலூர் கலெக்டர் உத்தரவு வருவதில்லை. இரண்டையும் இரண்டிலும் ஒரே இடத்தில் போடுங்கள். எந்தத் தேதி முதல் எதுவரை, எந்த செக்போஸ்டில் யாருக்கு அனுமதி, எந்த நம்பருக்குப் பேசுவது, இவ்வளவு போதும். நகைக்கடை விளம்பரத்தில் கால்வாசி இடம்கூட ஆகாது. அதற்கு இன்னொரு கொரோனா வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலுக்குப் பின்னால் சாத்தனூர் தண்ணீர் தென்பெண்ணையில் வந்து கடலூர், பாகூர் இரண்டு பக்கத்தையும் முழுக்கியபோது, அக்கா வீட்டுப் பக்கம் நிலவரம் என்ன என்று உங்கள் பத்திரிகையில் தேடினேன். எங்கள் பதிப்பில் ஒரு வரி இல்லை. வரும் ஐப்பசி மழைக்கு முன்னாலாவது தொடங்கினால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு மருந்துக்கடைக்காரப் பெண்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.