சுருதி ஏறிக்கொண்டே போவதில்லை, விண்மீன் சிவப்பதுமில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

ஒலியோ ஒளியோ தரும் பொருள் நம்மை நெருங்கும்போதும் விலகும்போதும் அதன் அதிர்வெண் மாறித் தெரிவதுதான் டாப்ளர் விளைவு. அதை விளக்கும் கட்டுரைகளில் இரண்டு பிழைகள் விடாமல் வந்துகொண்டிருக்கின்றன. உங்கள் அறிவியல் பக்கமும் இதற்கு விலக்கல்ல.

"வண்டி நெருங்க நெருங்கச் சைரனின் சுருதி ஏறிக்கொண்டே போகும்" என்பது முதல் பிழை. ஏறுவது சத்தம் மட்டுமே. சீரான வேகத்தில் வரும் வண்டியின் சுருதி தொலைவிலேயே உச்சத்தில் இருக்கிறது. அருகே வரும்போது இறங்கத் தொடங்கி, கடந்து போனபின் கீழே நிலைத்துவிடுகிறது. 700 ஹெர்ட்ஸ் சைரன் மணிக்கு 72 கி.மீ. வேகத்தில் வந்தால் காதில் விழுவது சுமார் 743 ஹெர்ட்ஸ், விலகும்போது 661. சதுஸ்ருதி ரிஷபத்திலிருந்து ஷட்ஜத்துக்கு இறங்குகிற அதே அளவு. நம்மை நோக்கிய வேகம் எவ்வளவு என்பதுதான் கணக்கு; பக்கவாட்டு வேகம் இதில் சேராது.

மாணவர்கள் இதை அளந்தே பார்க்கலாம். இரண்டு கைப்பேசிகளும் ஒரு சைக்கிளும் போதும். ஒன்றில் 2000 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு ஹேண்டில்பாரில் கட்டுங்கள். அதிர்வெண் காட்டும் செயலியுடன் மற்றொன்றைப் பாதையிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி வையுங்கள். மணிக்கு 18 கி.மீ. வேகத்தில் கடந்தால் வரும்போது சுமார் 2030, போகும்போது 1971 கிடைக்கும். வித்தியாசத்தைக் கூட்டுத்தொகையால் வகுத்து, ஒலியின் வேகமான 343ஆல் பெருக்குங்கள்: விநாடிக்கு 5 மீட்டர். மூல அதிர்வெண் தெரிந்திருக்கவே வேண்டாம். சோதனை சொதப்புவது பெரும்பாலும் செயலியின் அமைப்பில்தான். ஒரு கணக்கீட்டுக்கு எடுக்கும் ஒலி மாதிரிகளின் எண்ணிக்கை (FFT size) 1024 என்றிருந்தால், விநாடிக்கு 44,100 மாதிரிகள் எடுக்கும் பதிவில் செயலி பிரித்துக் காட்டும் ஒரு படியே 43 ஹெர்ட்ஸ். 29 ஹெர்ட்ஸ் நகர்வு அதற்குள் மறைந்துவிடும். 8192 வைத்தால் படி 5.4 ஆகச் சுருங்கும். கைப்பேசியைப் பாதையிலிருந்து அதிகம் தள்ளி வைத்தால், சட்டென்ற இறக்கத்துக்குப் பதில் நீண்ட சரிவுதான் தெரியும்.

"விலகும் விண்மீன் சிவப்பாகத் தெரியும்" என்பது இரண்டாவது பிழை. 1842இல் டாப்ளரே இரட்டை விண்மீன்களின் நிறத்துக்கு இயக்கம்தான் காரணம் என்று கருதினார். அது தவறு, நிறத்தை முக்கியமாகத் தீர்மானிப்பது வெப்பநிலை. விநாடிக்கு 30 கி.மீ. வேகத்தில் ஒரு விண்மீன் விலகினால், அதன் நிறமாலையில் (ஒளியை நிறங்களாகப் பிரித்த பட்டையில்) 656.28 நானோமீட்டர் அலைநீளத்தில் உள்ள ஹைட்ரஜன் கோடு நகர்வது 0.066 நானோமீட்டர்தான். கண்ணுக்கு அது எட்டாது. நிறமாலையின் கருங்கோடுகளை ஆய்வகத்தில் அளந்த இடங்களோடு ஒப்பிட்டால்தான் வேகம் கிடைக்கும். பூமியும் சூரியனைச் சுற்றி விநாடிக்கு 30 கி.மீ. ஓடுகிறது. அதைக் கழிக்காவிட்டால் ஒரே விண்மீனுக்கு ஆறு மாத இடைவெளியில் விநாடிக்கு 60 கி.மீ. வரை மாறுபட்ட விடைகள் வரும்.

1995இல் வானியலாளர்கள் மேயரும் கெலோவும் 51 பெகாசி விண்மீனின் கோடுகள் 4.23 நாளுக்கொரு முறை முன்னும் பின்னும் அசைவதைக் கண்டார்கள். சராசரியிலிருந்து வேகம் ஏறுவதும் இறங்குவதும் விநாடிக்கு 60 மீட்டருக்கும் குறைவு. அந்த ஹைட்ரஜன் கோட்டில் இது 0.00012 நானோமீட்டர் அளவு. அதை வைத்தே, சுற்றிவந்து விண்மீனை இப்படி அசைக்கும் ஒரு கோளைக் கண்டுபிடித்தார்கள். சைரனைப் போல இங்கும் பார்வைக் கோட்டின் வழியான வேகம் மட்டுமே பதிவாகும் என்பதால், கோளின் நிறைக்குக் குறைந்தபட்ச மதிப்பைத்தான் சொல்ல முடிந்தது: வியாழனில் ஏறக்குறைய பாதி.

அடுத்த முறை செம்பெயர்ச்சி (விலகும் பொருளின் கோடுகள் சிவப்புப் பக்கம் நகர்வது) பற்றி எழுதும்போது, சிவப்பு வண்ணம் பூசிய விண்மீனுக்குப் பதிலாக, கோடுகள் இடம் மாறிய இரண்டு நிறமாலைகளை ஒன்றின்கீழ் ஒன்றாக அச்சிட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
இயற்பியல் ஆசிரியர்கள்