எங்கள் உழைப்பை எழுத்தில் தாருங்கள்: இந்திய உணவக உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உணவக உரிமையாளர்களுக்கு,

வணக்கம். பினாங்கிலும் கோலாலம்பூரிலும் வாழை இலைச் சாப்பாட்டுக் கடை நடத்தும் உங்கள் எல்லாருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். நான் உங்கள் சமையலறையில் நிற்பவன். முதல் பதின்மூன்று ஆண்டுகள் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் நின்றேன். 2020-இன் கடைசியிலிருந்து பினாங்கு ஜோர்ஜ்டவுனில் நிற்கிறேன். ஆஸ்திரேலியாவுக்குச் சமையல் கலைஞராகப் போக விண்ணப்பம் தயாரித்து வருகிறேன். அது எங்கே சிக்கிக் கிடக்கிறது என்பதை நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இதே காரியத்துக்காக உங்கள் கல்லா மேசை முன்னால் வந்து நின்றவர்கள் பலர்.

கடந்த செவ்வாய்க்கிழமை மதியக் கூட்டம் ஓய்ந்த பிறகு, எட்டு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்த பணிச் சான்று என் கைக்கு வந்தது. மூன்று வரி. ‘இவர் எங்கள் கடையில் பொதுப் பணியாளராக வேலை செய்கிறார். நேர்மையானவர். இவருக்கு எங்கள் வாழ்த்துகள்.’ வேலையில் சேர்ந்த தேதி இல்லை. வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்பது இல்லை. சமையல் என்ற சொல்லே இல்லை. முதலாளி சிரித்த முகத்தோடுதான் கொடுத்தார். நானும் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு மாலைப் பலகாரத்துக்கு மாவு பிசையப் போனேன். அன்றிரவு தூக்கம் வரவில்லை.

ஆஸ்திரேலியாவில் சமையல் கலைஞர், வெல்டர் போன்றவர்களின் திறனை மதிப்பிடும் அரசு அமைப்பு டிரேட்ஸ் ரெக்கக்னிஷன் ஆஸ்திரேலியா. அங்கே கைப்பக்குவத்துக்கு முன்னால் காகிதத்தைத்தான் பார்க்கிறார்கள். எந்தத் தேதியில் சேர்ந்தார், என்ன பதவி, என்னென்ன பொறுப்பு, வாரம் எத்தனை மணி நேரம் என்று கடையின் பெயர் அச்சிட்ட தாளில் முதலாளி எழுதித் தர வேண்டும். எழுதியது உண்மைதான் என்று காட்டச் சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு, வரிப் பத்திரம், சேமநிதிக் கணக்கு ஆகியவை வேண்டும். வாரம் 38 மணி நேரம் உழைத்தால் அவர்கள் கணக்கில் அது முழுநேர வேலை. நான் எந்த வாரமும் 70 மணி நேரத்துக்குக் குறைவாக உழைத்ததில்லை. அதைச் சொல்ல என்னிடம் ஒரு துண்டுச் சீட்டு கிடையாது.

இல்லை, என்னிடம் உறைகள் இருக்கின்றன. பிரிக்பீல்ட்ஸ் கடையில் மாதச் சம்பளத்தைச் சிறிய பழுப்பு உறையில் போட்டுத் தருவார்கள். உறையின் மேல் பேனாவால் என் பெயர், மாதம், தொகை. 2010-இல் திருமணமான மாதத்திலிருந்து என் மனைவி ஒவ்வோர் உறையையும் ஒரு பிஸ்கட் டின்னில் எடுத்து வைத்திருக்கிறாள். எண்ணிப் பார்த்தோம், 117 இருந்தன. சிலவற்றில் மஞ்சள் கறையோடு என் கட்டைவிரல் ரேகை பதிந்திருக்கிறது. ஒன்றில் தொகையை அடித்துவிட்டு ஐம்பது வெள்ளி (ரிங்கிட்) குறைத்து எழுதியிருக்கிறது; அந்த மாதம் ஒரு பெரிய அண்டா ஒடுங்கியதற்குப் பிடித்தம் செய்தார்கள். விசா முகவரின் மேசையில் அத்தனையையும் பரப்பி வைத்தோம். அவர் பொறுமையாகப் பார்த்தார். நான்கைந்தை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ‘அண்ணே, இதில் கடையின் பெயர் எங்கும் இல்லையே’ என்றார். என் மனைவி ஒன்றும் பேசாமல் அவற்றை மாத வரிசை மாறாமல் டின்னுக்குள் மறுபடி அடுக்கினாள். அவள் அடுக்கி முடிக்கும்வரை நான் தலை நிமிரவில்லை.

அந்தக் கடை 2020-இல் கொரோனாவுக்காக வந்த நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையின்போது மூடப்பட்டது. உரிமையாளர் இப்போது வேறு தொழில் செய்கிறார். போனில் கேட்டேன். ‘கடையே இல்லை, கடிதம் எதற்கு?’ என்றார். எனக்குத்தான் அது வேண்டும். ஆஸ்திரேலிய விசாவுக்கான புள்ளிக் கணக்கில் கடைசிப் பத்து ஆண்டுகளின் அனுபவத்தை மட்டுமே எடுத்துக்கொள்கிறார்கள். அதில் எட்டு ஆண்டுகளை நிரூபித்தால் 15 புள்ளி, ஐந்து என்றால் 10, மூன்று என்றால் 5. என் பத்து ஆண்டுகளில் ஏறக்குறையப் பாதி அந்தப் பூட்டிய கடைக்குள் கிடக்கிறது.

ஜோர்ஜ்டவுன் கடையில் எனக்குச் சேமநிதி உண்டு. அதற்கு நன்றி சொல்கிறேன். ஆனால் என் சேமநிதிக் கணக்கை விரித்துப் பார்த்தால் 1,200 வெள்ளிச் சம்பளத்தில் தொடங்கி, 2022-இல் 1,500 ஆகி, 2025-இல் 1,700 ஆகிறது. அரசாங்கம் குறைந்தபட்சச் சம்பளத்தை உயர்த்திய மாதங்களில் மட்டும் அந்தக் கணக்கும் உயர்ந்திருக்கிறது. நான் கையில் வாங்குவது 3,400 வெள்ளி. மிச்சப் பாதி ரொக்கமாக வருகிறது, எந்தப் பதிவிலும் இல்லை. விட்டுப்போன பாதிக்கு முதலாளி கட்ட வேண்டிய 13 விழுக்காடு மாதம் ஏறக்குறைய 221 வெள்ளி. அந்த இழப்பைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கடிதத்தில் ஒரு சம்பளம், கணக்கில் இன்னொரு சம்பளம் என்றால் மதிப்பிடுகிறவர் யாரைப் பொய்யன் என்று நினைப்பார்? விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுகிறவன் நான்.

வயது காத்திருப்பதில்லை. 33 முதல் 39 வயதுவரை 25 புள்ளி, நாற்பதைத் தொட்டால் 15. குறைந்தது 65 புள்ளி இருந்தால்தான் வரிசையிலேயே நிற்க முடியும். 45 வயதானால் அந்தக் கதவு சாத்தப்பட்டுவிடும். நான் முதன்முதலில் கடிதம் கேட்டபோது எனக்கு 39. கடந்த மாதம் நாற்பது ஆனது. ‘அடுத்த வாரம் பார்க்கலாம்’, ‘தீபாவளி முடியட்டும்’, ‘தைப்பூசக் கூட்டம் அடங்கட்டும்’ என்று நகர்ந்த அந்த எட்டு மாதத்தின் விலை பத்துப் புள்ளி.

பொதுப் பணியாளர் என்று எழுதியதுதான் எல்லாவற்றையும்விட வலிக்கிறது. சமையல் கலைஞர் என்றால் உணவுப் பட்டியலைத் திட்டமிட வேண்டும், செலவைக் கணக்கிட வேண்டும், பொருளை வரவழைக்க வேண்டும், தரம் பார்க்க வேண்டும், மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று ஆஸ்திரேலியத் தொழில் வகைப்பாடு சொல்கிறது. ஐயா, இதில் எதை நான் செய்யவில்லை? விடியுமுன் சௌராஸ்டா சந்தையில் மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்து விலை பேசுவது யார்? 2023 டிசம்பரில் இந்தியா வெங்காய ஏற்றுமதியைத் தடை செய்தபோது கடையில் குழம்பின் சுவை மாறியதா? வேறு நாட்டு வெங்காயத்தை வாங்கினோம். அதில் நீர் அதிகம், சீக்கிரம் வதங்காது, இனிப்பும் தூக்கலாக இருக்கும். புளியையும் மிளகாயையும் எத்தனை கிராம் கூட்டுவது, கிலோவுக்கு எத்தனை இலைச் சாப்பாடு வரும் என்று ஒரு நோட்டில் மூன்று நாள் எழுதி எழுதிப் பார்த்தேன். இலைச் சாப்பாட்டின் விலையை ஒரு காசுகூட ஏற்றாமல் அந்த மாதங்களைத் தாண்டினோம். அந்த நோட்டு இன்னும் அரிசி மூட்டைகளுக்கு மேலுள்ள தட்டில் இருக்கிறது. பொதுப் பணியாளர் எழுதிய நோட்டா அது?

கடிதம் கொடுத்தால் ஆள் போய்விடுவான் என்று அஞ்சுகிறீர்கள். உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியாததல்ல. சமையல்காரர் கிடைக்காமல் மதியச் சாப்பாட்டை நிறுத்திய கடைகளை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் கடிதம் கொடுக்காததால் யார் நின்றார்கள்? சொல்லாமல் கொள்ளாமல் சிங்கப்பூருக்குப் பஸ் ஏறியவர்கள் எத்தனை பேர்! என்னோடு தமிழ்ப்பள்ளியில் படித்த ஒருவன் பினாங்கின் பிறை நகரில் ஒரு தொழிற்சாலையில் வெல்டராக இருந்தான். மாதந்தோறும் சம்பளச் சீட்டு, ஆண்டுதோறும் இஏ பாரம் (ஆண்டு வருமானத்தைக் காட்டி முதலாளி தரும் வரிப் பத்திரம்), முழுச் சம்பளத்துக்கும் சேமநிதி. அவன் தன் பத்திரங்களை ஒரு வாரக் கடைசியில் திரட்டி முடித்தான். இன்று பெர்த்தில் இருக்கிறான். அவனுக்கும் எனக்கும் திறமையில் என்ன வித்தியாசம்? அவனுடைய நெருப்பு கணக்கில் வந்தது, என்னுடையது வரவில்லை.

உள்ளூர்ப் பிள்ளைகள் சமையலறைக்கு வருவதில்லை என்று ஒவ்வோர் ஆண்டும் அமைச்சிடம் முறையிட்டு, வெளிநாட்டுத் தொழிலாளர் பெர்மிட் கேட்கிறீர்கள். வருகிற பிள்ளைக்கு என்ன தருகிறோம்? வீட்டுக் கடனுக்குப் போனால் காட்டச் சம்பளச் சீட்டு இல்லை. நம் நாட்டிலேயே முன்அனுபவத்தை வைத்து மலேசியத் திறன் சான்றிதழ் பெறலாம். அந்தக் கோப்பைத் தயாரிக்க உட்கார்ந்தாலும் முதலாளியின் சாட்சியம் வேண்டியிருக்கிறது. நம் சமூகத்திலும் குறை இருக்கிறது. கல்யாணத்தில் சாப்பாடு பிரமாதம் என்று சொல்லிக்கொண்டே கை கழுவுகிறவர்கள், சமைத்தவர் மகளுக்கு வரன் என்று வந்தால் ‘அப்பா என்ன வேலை?’ என்று இழுக்கிறார்கள். எங்கேயும் எழுதி வைக்காத வேலைக்கு மதிப்பு எப்படி வரும்?

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னிக்க வேண்டும். எல்லா முதலாளிகளும் ஒன்றல்ல. பிறையில் ஆறே மேசை போட்ட ஒரு கடையின் அம்மா, தன் சமையல்காரருக்கு அவர் கேட்குமுன்பே இரண்டு பக்கக் கடிதம் தட்டச்சு செய்து முத்திரையிட்டுக் கொடுத்தார். அவருக்கு இந்த மடல் வழியாக என் வணக்கம்.

உங்களிடம் நான் சலுகை கேட்கவில்லை. சம்பள விவரத்தை எழுத்தில் தர வேண்டும் என்பது 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் விதிமுறைகளிலேயே இருக்கிறது. கொடுக்கிற சம்பளத்தை மாதந்தோறும் முழுதாகச் சீட்டில் எழுதுங்கள். அந்தச் சம்பளத்துக்கே சேமநிதி கட்டுங்கள். போக விரும்புகிறவர் கேட்டால், அவர் செய்த வேலையை உள்ளது உள்ளபடி கடிதமாகத் தாருங்கள். எங்கள் உழைப்பை எழுத்தில் தாருங்கள்.

என் முதலாளிக்கு ஒரு வார்த்தை. இடைநிலைப் பள்ளியில் படிவம் மூன்றில் படிக்கும் என் மகள், அந்தக் கடிதம் எப்படி இருக்க வேண்டும் என்று பார்த்துப் பார்த்துத் தட்டச்சு செய்து கொடுத்திருக்கிறாள். நேற்று அதைக் கல்லா மேசையில் பில் புத்தகத்துக்கு அடியில் வைத்தேன். தயவுசெய்து படியுங்கள். அதில் உண்மையில்லாத வரி ஏதாவது இருந்தால் உங்கள் கையாலேயே அடித்துவிடுங்கள். மிச்சத்தில் கையெழுத்திட்டுக் கொடுங்கள். வரும் திங்கட்கிழமை கடை விடுமுறை. நீங்கள் சொல்லும் நேரத்துக்கு வீட்டுக்கே வந்து வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஜோர்ஜ்டவுன் சமையல்காரர் ஒருவர்