தடுக்கி விழுந்தவருக்கு ஒரு ரன்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் போன வாரமே கிடைத்தது. முழங்கால் தேறி மறுபடி கிரிக்கெட் அம்பயராக நிற்கப் போகிறாய் என்றதில் சந்தோஷம். நாள் முழுக்க வெயிலில் நிற்காதே, சின்னப் பையன்களிடமும் கொஞ்சம் விடு. இங்கே எல்லோரும் சுகம். மகள் வேறு வேலைக்கு மாறிவிட்டாள். பேரனுக்குப் பேஸ்பால் பைத்தியம். அவன் புண்ணியத்தில் நானும் பழைய ஆட்டங்களைத் தேடித் தேடிப் பார்க்கிறேன்.

"அந்த ஆட்டத்தில் அம்பயருக்கு என்ன பெரிய வேலை?" என்று நக்கலாகக் கேட்டிருந்தாய். அதில் ஓடுபவர் மூன்று பேஸ்களை வரிசையாகத் தொட்டு, அடித்த இடமான ஹோம் பிளேட்டுக்குத் திரும்பினால்தான் ஒரு ரன். ஆள் ஓட ஆரம்பித்த பிறகு பார், அப்போதுதான் கூத்து.

2013 வேர்ல்டு சீரிஸ், அதாவது அமெரிக்கப் பேஸ்பாலின் இறுதித் தொடர், மூன்றாவது ஆட்டம், செயின்ட் லூயிஸில். கார்டினல்ஸும் பாஸ்டன் ரெட் சாக்ஸும் 4-4. ஒன்பதாவது இன்னிங்ஸில் கார்டினல்ஸ் பேட்டிங். ஆலன் கிரெய்க் சறுக்கிக்கொண்டு மூன்றாவது பேஸுக்கு வருகிறார். பாஸ்டன் கேட்சர் (நம் விக்கெட் கீப்பர் மாதிரி) அங்கே எறிந்த பந்து கை தப்பி, பின்னால் லெஃப்ட் ஃபீல்டுக்குப் போய்விட்டது. அதைப் பிடிக்கப் பாய்ந்த பாஸ்டன் ஃபீல்டர் வில் மிடில்புரூக்ஸ் குப்புறக் கிடக்கிறார். கிரெய்க் எழுந்து ஹோம் பிளேட்டுக்குக் கிளம்புகிறார், கீழே கிடப்பவர் மேல் இடறி விழுகிறார். காலில் ஏற்கெனவே காயம் வேறு. நொண்டி நொண்டி ஓடுவதற்குள் பந்து வந்துவிட்டது, கேட்சர் அதை வைத்து அவரைத் தொட்டும்விட்டார். பார்த்தவர்களுக்கெல்லாம் அவுட்.

அம்பயர் டானா டிமூத் கையை விரித்து சேஃப், அதாவது நாட் அவுட், என்றார். 5-4, ஆட்டம் முடிந்தது. வேர்ல்டு சீரிஸில் ஓர் ஆட்டம் இப்படித் தடங்கல் தீர்ப்பில் முடிந்தது அதுதான் முதல்முறை.

நடந்தது இதுதான். கிரெய்க் இடறியதுமே மூன்றாவது பேஸ் அம்பயர் ஜிம் ஜாய்ஸ் கை நீட்டித் தடங்கல், அதாவது ஃபீல்டர் ஓடுபவரின் வழியை மறித்துவிட்டார், என்று காட்டிவிட்டார், ஆனால் ஆட்டத்தை நிறுத்தவில்லை. அந்த ரன்னரை அவுட்டாக்கும் முயற்சி அந்த நேரத்தில் நடக்கவில்லையென்றால் ஆட்டத்தை ஓடவிட வேண்டும். எல்லாம் அடங்கியதும், தடங்கல் இல்லாதிருந்தால் அவர் எதுவரை போயிருப்பார் என்று தீர்மானித்துக் கொடுக்க வேண்டும். அதாவது நடக்காத ஓர் ஓட்டத்துக்குத் தீர்ப்பு.

பாஸ்டன்காரர்கள் கேட்டதை நீயும் கேட்பாய்: அவர் என்ன வேண்டுமென்றா கிடந்தார்? விதிக்கு அது தேவையே இல்லை. கையில் பந்து இல்லை, பந்தைப் பிடிக்கும் வேலையும் முடிந்தது என்றால், வழியில் கிடந்து ஓடுபவரைத் தாமதப்படுத்துவதே குற்றம். எனக்கு இது நியாயமாகத்தான் படுகிறது. விழுந்து கிடப்பவர் மனசில் என்ன இருந்தது என்று அரை நொடியில் யாரால் சொல்ல முடியும்? (இதே ஜாய்ஸ்தான் 2010இல் டெட்ராய்ட்டில் தப்பாக ஒரு சேஃப் கொடுத்து, பந்து வீசிய அர்மாண்டோ கலராகாவின் பெர்ஃபெக்ட் கேமை (எதிரணியில் ஒருவரையும் பேஸுக்கு விடாத ஆட்டம்) கெடுத்தார். அன்றைக்கே அதை ஒப்புக்கொண்டார். அப்படி அடிபட்ட பிறகும் இவ்வளவு பெரிய ஆட்டத்தில் தயங்காமல் கை நீட்டினாரே, அதற்கு நெஞ்சுரம் வேண்டும்.)

ஆனால் எறிந்த பந்தை ரன்னர் தடுத்தால் கதையே வேறு. 1978 வேர்ல்டு சீரிஸ், நான்காவது ஆட்டம், யாங்கி ஸ்டேடியம். டாட்ஜர்ஸ் ஃபீல்டர் பில் ரஸ்ஸல் பந்தோடு இரண்டாவது பேஸை மிதித்து யாங்கீஸின் ரெஜி ஜாக்சனை அவுட்டாக்கிவிட்டு, அடுத்த ஆளையும் அவுட்டாக்க முதல் பேஸுக்கு எறிகிறார். நடுவழியில் நின்றிருந்த ஜாக்சன் இடுப்பை லேசாக அசைக்க, பந்து அதில் பட்டு ஓடிவிட்டது. யாங்கீஸுக்கு ஒரு ரன். டாட்ஜர்ஸ் மேனேஜர் லசோர்டா கத்தித் தீர்த்தார், அம்பயர்கள் மசியவில்லை. எறிந்த பந்து மேலே பட்டால் மட்டும் போதாது, வேண்டுமென்றே தடுத்திருக்க வேண்டும் என்கிறது விதி. 2015இல் லார்ட்ஸில் ஸ்டார்க் எறிந்த பந்துக்கு முன்னால் பென் ஸ்டோக்ஸ் கை நீட்டினாரே, அதே தலைவலி. என்னைக் கேட்டால் ஜாக்சன் இடுப்பு தானாக அசையவில்லை! அந்த ஆட்டத்தை யாங்கீஸ் 4-3 என்று ஜெயித்தார்கள், பிறகு சீரிஸையும்.

பேரனுக்குப் பிடித்தது 2021இல் பிட்ஸ்பர்க்கில் ஹாவியர் பாயெஸ் அடித்த லூட்டி. ஏற்கெனவே இரண்டு அவுட், மூன்றாவது விழுந்தால் இன்னிங்ஸ் முடிவு. பாயெஸ் அடித்துவிட்டு முதல் பேஸுக்கு ஓடுகிறார், எதிரே ஃபீல்டர் பந்தோடு நிற்கிறார். பாயெஸ் திரும்பி ஹோம் பிளேட் பக்கமே ஓட்டம் பிடித்தார். ஃபீல்டர் பேஸை மிதித்திருந்தால் இன்னிங்ஸே முடிந்திருக்கும். அந்த மனுஷன் துரத்திக்கொண்டு போக, இரண்டாவது பேஸிலிருந்து இன்னொருவர் வந்து ரன் எடுத்துவிட்டார். பின்னால் ஓடக்கூடாது என்று விதி இல்லையா என்று பேரன் கேட்டான். இருக்கிறது. 1911இல் ஜெர்மனி ஷேஃபர் என்ற ஆட்டக்காரர் இரண்டாவது பேஸைத் திருடிவிட்டு (யாரும் பந்தை அடிக்காமலே ஓடிப் பிடிப்பதுதான் திருட்டு), அடுத்து முதல் பேஸையே திரும்பத் திருடினார். அந்த மாதிரி குறும்புக்குப் பிற்பாடு தடை போட்டார்கள். ஆனால் ஒரு பேஸைப் பிடித்த பிறகு குழப்புவதற்காகப் பின்னோக்கி ஓடினால்தான் அது பொருந்தும். பாயெஸ்தான் எந்தப் பேஸையும் இன்னும் பிடிக்கவே இல்லையே!

சரி, இப்போது நீ சொல். உன் மேட்சில் பவுலர் பந்தைத் தடுக்கப் பாய்ந்து பிட்ச்சிலேயே விழுந்து கிடக்கிறான். பந்து அவனிடம் இல்லை, வேண்டுமென்றும் கிடக்கவில்லை. ஓடுகிறவன் அவன் மேல் இடறி ரன் அவுட். எதிர் கேப்டன் அப்பீலை வாபஸ் வாங்க மாட்டேன் என்கிறான். விரலைத் தூக்குவாயா? தூக்கிவிட்டு ராத்திரி நிம்மதியாகத் தூங்குவாயா? மழுப்பாமல் எழுது.

வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
மணி